மாத்திரைக்கு அஞ்சு ஸ்டார், டப்பாவுக்கு ரெண்டு

ஹெட்ஃபோனுக்கு ரிவ்யூ போடறாங்க, செருப்புக்குக் கூட மூணு பாரா எழுதறாங்க, நா ஒரு நாள் விடாம யூஸ் பண்ற ஒரே பொருளுக்கு யாரும் ஒழுங்கா எழுதின மாதிரி தெரியல. சரி நானே எழுதிடறேன். பொருள் பேரு டிஎல்டி. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50, மூணு மருந்தும் ஒரே மாத்திரைல. எச்ஐவிக்கு. எனக்கு 2017ல பாசிட்டிவ்னு வந்துச்சு, மொத மூணு வருஷம் வேற மாத்திரை, 2020லேந்து இதுதான். நா டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, முழுங்கறவன் அவ்ளோதான், அதுனால இதைப் படிச்சிட்டு மாத்திரையை மாத்தறது நிறுத்தறதெல்லாம் பண்ணாதீங்க, அதுக்கு உங்க டாக்டர் இருக்காரு.

இது யாருக்காக எழுதறேன்னா, இப்பதான் ரிசல்ட் வந்து பேப்பரை மடிச்சு பர்ஸுக்குள்ள வெச்சுட்டு எந்த வேலையும் ஓடாம உக்காந்திருப்பீங்கல்ல, உங்களுக்கு. நா அந்த பேப்பரை எட்டா மடிச்சு வெச்சிருந்தேன், அதுக்கு மேல மடிக்க முடியல. அன்னிக்கு எனக்கு சிடி4, அதாவது ரத்தத்துல கிருமியோட சண்டை போடற செல்லு எண்ணிக்கை, 187. நார்மலா 500க்கு மேல இருக்கணும், 200க்கு கீழ போனா உடம்பு கண்ட கிருமியையும் உள்ள விட்டுடும். கவுன்சிலர் அம்மா அதெல்லாம் பொறுமையா சொன்னாங்க, என் காதுல ஒண்ணும் ஏறல, "தினமும் ஒரே ஒரு மாத்திரை போதும் தம்பி"ன்னது மட்டும் ஏறுச்சு. சும்மா ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். இவ்ளோ பெரிய வியாதிக்கு ஒரு மாத்திரையாம்.

அந்த ஒண்ணுக்கு வர்றதுக்கு எவ்ளோ காலம் ஆச்சுன்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன். 1987ல மொத மருந்து ஏஇசட்டி வந்தப்ப நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிடணும், நடுராத்திரியும் அலாரம் வெச்சு எந்திரிக்கணும். அதுவும் தனியா சாப்பிட்டா ரொம்ப நாளைக்கு வேலை செய்யாது, வைரஸ் தன்னை மாத்திகிட்டு தப்பிச்சிடும். 1996 வாக்குல மூணு மருந்தைச் சேத்துக் குடுத்தா வைரஸ் தலை தூக்காதுன்னு தெரிஞ்சப்பதான் சாவு எண்ணிக்கை இறங்கிச்சு, ஆனா அப்பவும் ஒரு நாளைக்கு ஒரு கை நெறைய மாத்திரை. தினம் ஒரே மாத்திரைன்னு மொதல்ல வந்தது 2006ல. டோலுடெகிராவிர் 2013, உலக சுகாதார நிறுவனம் அதைத்தான் முதல்ல குடுக்கணும்னு எல்லாருக்கும் சொன்னது 2019. அதாவது நா நோயாளி ஆனதுல கொஞ்சம் நல்ல டைமிங். இன்னொரு விஷயம், முன்னாடி எல்லாம் சிடி4 ஒரு அளவுக்கு கீழ இறங்கற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுவாங்க, இறங்கினாத்தான் மருந்து. 2015ல ஸ்டார்ட்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 4,685 பேரை வெச்சு, காத்திருக்காம உடனே ஆரம்பிச்சவங்களுக்கு பெரிய வியாதியும் சாவும் பாதிக்கு மேல கொறைஞ்சுதுன்னு காமிச்சுது, அதுலேந்து ரிசல்ட் வந்த உடனே ஆரம்பிங்கன்னு ஆயிடுச்சு. அதுனால "இப்ப நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் பாத்துக்கலாம்"னு யாராவது நெனச்சீங்கன்னா, வேணாம். நா நல்லாத்தான் இருக்கேன்னு நெனச்ச அன்னிக்குத்தான் அந்த 187.

பழைய மாத்திரை பத்தி சொல்லாம இதோட அருமை புரியாது. அதுல டோலுடெகிராவிருக்கு பதிலா எஃபாவிரென்ஸ். ராத்திரி தூங்கப் போறப்ப, வயிறு காலியா இருக்கறப்ப சாப்பிடச் சொல்லுவாங்க, ஏன்னா சாப்பிட்ட ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தலை சுத்தும். மொத வாரம் பாத்ரூம் போக எந்திரிச்சேன், சுவரு என் பக்கமா சாயற மாதிரி இருந்துச்சு, நா அதைக் கையால முட்டு குடுத்துட்டு நின்னேன், அப்புறம்தான் சாயறது நாந்தான்னு தெரிஞ்சுது. கனவு இருக்கே கனவு, அப்பப்பா. கலர் கலரா, சத்தத்தோட, வாசனையோட. ஒரு நாள் கனவுல ஆஃபீஸ் போய், முழு நாள் வேலை பாத்து, மேனேஜர்கிட்ட திட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து படுத்து, அப்பதான் முழிப்பு வந்துச்சு, திரும்ப ஆஃபீஸ் போகணும். சில பேருக்கு இது ரெண்டு மூணு வாரத்துல போயிடுமாம், எனக்கு முழுசா போகவே இல்ல. அந்த மருந்தைக் குறை சொல்லல, அதுதான் என்னைத் தூக்கி நிறுத்துச்சு, ரொம்ப பேரைக் காப்பாத்தின மருந்து. ஆனா டிஎல்டிக்கு மாத்தின மொத வாரம் கனவே இல்லாம தூங்கி எந்திரிச்சேன் பாருங்க, அந்த ஒரு தூக்கத்துக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

உடனே சொல்லிடறேன், டோலுடெகிராவிர் சில பேருக்கு இதுக்கு நேர் எதிரா பண்ணும், தூக்கமே வராது. எனக்கும் பழக்க தோஷத்துல ராத்திரி சாப்பிட்டப்ப ரெண்டாவது மாசத்துலேந்து மூணு மணி வரைக்கும் ஃபேனைப் பாத்துட்டு படுத்திருந்தேன். டாக்டர்கிட்ட சொன்னேன், காலைல சாப்பிடுங்கன்னாரு, அவ்ளோதான் பிரச்சனை தீர்ந்துச்சு. இதுக்கு வயிறு காலியா இருக்கணும் நெறைஞ்சிருக்கணும்னு எல்லாம் கிடையாது. மொத பத்து நாள் லேசா தலைவலியும் வயித்துப் பொரட்டலும் இருந்துச்சு, தானா போயிடுச்சு.

வேலை எப்படி செய்யுதுன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். இந்த வைரஸ் நம்ம ரத்தத்துல இருக்கற சிடி4 செல்லுக்குள்ள புகுந்து, தன்கிட்ட இருக்கற ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்தி, அதை நம்ம டிஎன்ஏக்குள்ள சொருகிடும், அப்புறம் நம்ம செல்லே அதுக்கு பிரிண்டிங் பிரஸ் ஆயிடும். மாத்திரைல மொத ரெண்டு மருந்து அந்த மாத்தற வேலையைக் கெடுக்கும், மூணாவது சொருகற வேலையைக் கெடுக்கும். புதுசா ஒரு செல்லும் மாட்டாது. ஆனா ஏற்கனவே சொருகினது சில செல்லுக்குள்ள சத்தம் போடாம தூங்கிட்டு இருக்கும், அதை எடுக்க இன்னும் மருந்து இல்ல, மாத்திரையை நிறுத்தினா ரொம்ப பேருக்கு கொஞ்ச வாரத்துலயே அது முழிச்சுக்கும். தினமும் சாப்பிடறது ஏன்னா அதான். குணமாகல, ஆனா அடங்கிக் கெடக்குது. இதைக் கேட்டு மொதல்ல எனக்கு அழுகையா வந்துச்சு, ஆயுசு பூரா மாத்திரையான்னு. இப்ப கேட்டா, ஆயுசு பூரா பல்லு தேய்க்கறோம்ல, அந்த பிரஷ்ஷுக்குப் பக்கத்துலதான் இதுவும் இருக்கு.

ரிசல்ட் பத்தி. பழைய மாத்திரைல எனக்கு வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்துல எவ்ளோ வைரஸ் இருக்குங்கற கணக்கு, டிடெக்ட் ஆகாத அளவுக்கு வர ஆறு மாசம் ஆச்சு. டோலுடெகிராவிர் இதுல வேகம், ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுப் பாத்த ஒரு ஆராய்ச்சில பாதி பேருக்கு வைரல் லோடு 50க்கு கீழ வர இதுக்கு 28 நாள், எஃபாவிரென்ஸுக்கு 84 நாள். எனக்கு மாத்தறப்பவே அடங்கித்தான் இருந்துச்சு, அதுனால என் கதைல அந்த வேகத்தைப் பாக்க முடியல. ஆனா மொத தடவை அந்த ரிப்போர்ட் வந்த நாள் ஞாபகம் இருக்கு. "டார்கெட் நாட் டிடெக்டட்"னு அடிச்சிருந்துச்சு, நா அதை ஏதோ மெஷின் கோளாறுன்னு நெனச்சு "மேடம் என் ரிசல்ட் வரலைன்னு போட்டிருக்கு"ன்னு கேட்டேன். கவுன்சிலர் அம்மா சிரிச்சிட்டு நீலப் பேனாவால அந்த மூணு வார்த்தையைச் சுத்தி ஒரு வட்டம் போட்டாங்க, "இது வராததுதான் தம்பி நல்லது"ன்னாங்க. அந்த பேப்பரை மடிக்கல நா, ஃபைல்ல நீட்டா வெச்சிருக்கேன். சிடி4 மெதுவாத்தான் ஏறும், எனக்கு 187லேந்து 500 தாண்ட கிட்டத்தட்ட நாலு வருஷம், கடைசியா பாத்தப்ப 640.

இப்ப இதுல இருக்கறதுலயே பெரிய ஃபீச்சர், இதை டப்பா மேல பெரிய எழுத்துல போடணும் ஆனா எங்கயும் போட மாட்டாங்க. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டு, வைரல் லோடு டிடெக்ட் ஆகாம இருந்தா, உடலுறவு மூலமா இன்னொருத்தருக்குப் பரவாது. கம்மியா பரவும்னு இல்ல, பரவாது. யூ ஈக்வல்ஸ் யூன்னு சொல்லுவாங்க, டெஸ்ட்ல தெரியலைன்னா பரவாதுன்னு அர்த்தம். பார்ட்னர்னு ரெண்டு கட்டமா ஒரு ஆராய்ச்சி, ஒருத்தருக்கு பாசிட்டிவ் ஒருத்தருக்கு நெகட்டிவா இருக்கற ஜோடிங்க, மருந்து எடுத்துட்டு வைரல் லோடு 200க்கு கீழ இருக்கறவங்க, காண்டம் இல்லாம இருந்தவங்க. ஆம்பள பொம்பள ஜோடி, ஆம்பள ஆம்பள ஜோடி எல்லாம் சேத்து. 2016லயும் 2019லயும் ரிசல்ட் வந்துச்சு, லட்சத்துக்கு மேல தடவை காண்டம் இல்லாம உறவு நடந்தும் ஜோடிக்குள்ள ஒருத்தர்கிட்டேந்து ஒருத்தருக்குப் போனது பூஜ்யம். கொழந்தை பெத்துக்கறதும் அப்படித்தான், அம்மா மருந்து எடுத்துட்டு வைரஸ் அடங்கியிருந்தா கொழந்தைக்குப் போற வாய்ப்பு நூத்துல ஒண்ணுக்கும் கீழ. இதைப் படிச்சிட்டு நா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. சந்தோஷமா கோவமான்னு எனக்கே தெரியல. ரெண்டு வருஷமா என் துண்டைத் தனியா காயப்போட்டு, என் டம்ளரை நானே கழுவி, அக்கா பையனைத் தூக்காம ஒதுங்கி நின்னுட்டு இருந்தவன் நா. துண்டுலயும் டம்ளர்லயும் மருந்தே இல்லாட்டியும் பரவாதுங்கறது தனிக் கதை, அது தெரிஞ்சும் பயம், என்ன பண்றது.

(காண்டம் தூக்கிப் போடலாமான்னு கேக்காதீங்க, சிஃபிலிஸ், கொனோரியா மாதிரி மத்த பால்வினை நோயை இந்த மாத்திரை தடுக்காது.)

அப்ப குறையே இல்லையான்னா இருக்கு. வெயிட் போட்டுச்சு. மொத வருஷத்துல ஆறு கிலோ. மெலிஞ்சு கெடந்த உடம்பு தேறினது கொஞ்சம், எஃபாவிரென்ஸை நிறுத்தினது கொஞ்சம்னு டாக்டர் சொன்னாரு, டோலுடெகிராவிர் எடுக்கறவங்களுக்கு எடை கூடறது தெரிஞ்ச விஷயம்தான், பொம்பளைங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். நடக்க ஆரம்பிச்சேன், மூணு கிலோ போச்சு, மிச்சம் மூணு என்கூடவே செட்டில் ஆயிடுச்சு. டெனோஃபோவிர் நீண்ட நாள்ல கிட்னியையும் எலும்பையும் கொஞ்சம் பதம் பாக்கும், அதுனால கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்தற ஒரு கழிவு) டெஸ்ட் அப்பப்ப எடுக்கணும். இதுல ஒரு குழப்பம், டோலுடெகிராவிர் ஆரம்பிச்ச உடனே கிரியாட்டினின் லேசா ஏறும், அது கிட்னி கெட்டுப் போறதுனால இல்ல, அது வெளிய போற ஒரு வழியை இந்த மருந்து அடைக்கறதுனால. எனக்கு ஏறினப்ப நா நெட்ல பாத்து பாதி செத்துட்டேன். நெட்ல பாக்காதீங்கன்னு நெட்லயே எழுதறேன் பாருங்க.

ஹெபடைடிஸ் பி இருக்கான்னு ஆரம்பத்துலயே டெஸ்ட் பண்ணிக்கோங்க. ஏன்னா இதுல இருக்கற டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேத்து அடக்கும், அது இருக்கறவங்க திடீர்னு நிறுத்தினா கல்லீரல் பொங்கி எந்திரிச்சிடும்.

என் சொந்த சொதப்பல் ஒண்ணு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரொம்ப அசதியா இருக்குன்னு நானே போய் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை வாங்கி, ஒழுங்குப் பையனா காலைல வெறும் வயித்துல எல்லாத்தையும் ஒரே மொடக்கு தண்ணில போட்டுட்டு இருந்தேன். நாலு மாசம். அடுத்த டெஸ்ட்ல வைரல் லோடு 340. ரிப்போர்ட்டைப் பாத்ததும் கை கால் எல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. டாக்டர் மாத்திரை விட்டீங்களான்னு மூணு தடவை கேட்டாரு, சத்தியமா விடல சார்னு நானும் மூணு தடவை சொன்னேன், அப்புறம் வேற என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டப்பதான் வெளிய வந்துச்சு. கால்சியம், இரும்பு, அல்சருக்குக் குடிக்கற அலுமினியம் மெக்னீசியம் கலந்த மருந்து, இதெல்லாம் டோலுடெகிராவிரைப் புடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துல ஏற விடாது. சத்து மாத்திரைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியோ ஆறு மணி நேரம் பின்னாடியோ டிஎல்டி சாப்பிடணும், இல்லைன்னா கால்சியம் இரும்பு மட்டும் சாப்பாட்டோட சேத்து சாப்பிட்டா ரெண்டையும் ஒண்ணா போடலாம், அல்சர் மருந்துக்கு அந்த சலுகை கிடையாது. சத்து மாத்திரையை ராத்திரிக்கு மாத்தினேன், ரெண்டு மாசத்துல திரும்ப டிடெக்ட் ஆகாத நிலைக்கு வந்துட்டேன். நல்ல வேளை இந்த மருந்துக்கு எதிரா வைரஸ் சுலபமா பழகிக்காது, கொஞ்சம் சொதப்பினாலும் தாங்கும், பழைய மருந்தா இருந்தா இந்நேரம் மருந்தையே மாத்த வேண்டி வந்திருக்கலாம். சுகருக்கு மெட்ஃபார்மின் எடுக்கறவங்களும் டாக்டர்கிட்ட சொல்லணும், இது மெட்ஃபார்மினை ரத்தத்துல ஏத்தி விடும், அதுனால அந்த டோஸை ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல போகாம வெச்சுப்பாங்க. டிபிக்கு ரிஃபாம்பிசின் எடுத்தா டோலுடெகிராவிர் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு ரெண்டு வேளை ஆகும். யார் என்ன மாத்திரை குடுத்தாலும், சத்து மாத்திரைன்னாலும், சொல்லிட்டு சாப்பிடுங்க.

ஆனா சொல்லணும்னா எதுக்கு இதை சாப்பிடறோம்னும் சொல்லணும்ல. அங்கதான் இந்த ப்ராடக்டோட நெஜமான பிரச்சனை ஆரம்பிக்குது. ஒரு பல் டாக்டர்கிட்ட ஒழுங்கா ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன். அது வரைக்கும் "வாங்க உக்காருங்க"ன்னு இருந்தவர் திடீர்னு இன்னிக்கு மெஷின் ரிப்பேர்னாரு, எனக்கு அடுத்து இருந்தவரை உள்ள கூப்ட்டாரு, மெஷின் ஓடற சத்தம் வெளிய கேட்டுச்சு. அதுக்கப்புறம் போன எடத்துல ஃபார்ம்ல எழுதல. தப்புதான். ஆனா பல்லு வலி எனக்கில்ல இருக்கு.

இப்ப டப்பாவுக்கு வருவோம். மாத்திரை அஞ்சுக்கு அஞ்சு, டப்பா அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் மூடி நல்லா இருக்குங்கறதுக்காக. வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில், உள்ள 30 மாத்திரை, ஈரம் இழுக்கற ஒரு சின்ன பொட்டலம். பேகுல போட்டு நடந்தா சலக் சலக்குன்னு ஒவ்வொரு அடிக்கும் சத்தம். மாசக் கடைசி ஆக ஆக மாத்திரை கொறைஞ்சு சத்தம் ஜாஸ்தியாகும். ஆஃபீஸ் படிக்கட்டுல ஏறறப்ப பின்னாடி வந்தவர் "என்ன சார் கொழந்தைக்கு கிலுகிலுப்பையா"ன்னு கேட்டாரு, ஆமா சார்னுட்டேன், எனக்கு கல்யாணமே ஆகல. அன்னிக்கு ராத்திரி பஞ்சு வாங்கி பாட்டிலுக்குள்ள அடைச்சேன். ரொம்ப பேர் இதைத்தான் பண்றாங்கன்னு கிளினிக் வரிசைல நிக்கறப்ப தெரிஞ்சுது, எனக்கு முன்னாடி நின்ன ஒரு அக்கா பாட்டிலை வாங்கின கையோட அங்கயே பஞ்சை அடைச்சு, லேபிளை நகத்தால கிழிச்சு, அந்தப் பேப்பரை உருட்டி குப்பைத் தொட்டில போட்டாங்க, எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள, அவ்ளோ பழக்கம்.

நா அதை விடப் பெரிய புத்திசாலி. பாட்டிலே வேணாம்னு மொத்த மாத்திரையையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல கொட்டி, அதை பேண்ட் பாக்கெட்ல வெச்சுட்டு சுத்தினேன். வேர்வைல மாத்திரை பிசுபிசுன்னு ஆகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிச்சு. அடுத்த மாசம் கவுன்சிலர் அம்மாகிட்ட காமிச்சேன், அவங்க சத்தமா திட்டி அன்னிக்குத்தான் பாத்தேன். "அந்த பொட்டலத்தைத் தூக்கிப் போட்டியா? அது எதுக்கு உள்ள வெச்சிருக்காங்கன்னு நெனச்ச தம்பி?" ஈரம் பட்டா மருந்து கெட்டுடும், பாட்டில்லயே இருக்கணும், மூடி இறுக்கமா இருக்கணும். வெளிய போறப்ப ஒரு நாள் ரெண்டு நாளைக்கு மட்டும் சின்ன டப்பால எடுத்துக்கோ, மிச்சம் வீட்டுல பாட்டில்லயே இருக்கட்டும்னாங்க. அதான் இப்ப வரைக்கும்.

அலாரம் கதையும் இதே மாதிரிதான். பழைய மாத்திரை காலத்துல ராத்திரி ஒம்போது மணிக்கு அலாரம், யாராவது பாத்தா தெரியக்கூடாதுன்னு அதுக்கு "சார்ஜ் போடு"ன்னு பேரு வெச்சிருந்தேன். ஒரு நாள் ரூம்மேட் ஃபோனை எடுத்து "ஏன்டா, 80 பர்சென்ட் இருக்கு, எதுக்குடா தினமும் சார்ஜ் போடச் சொல்லி கத்துது"ன்னான். அவன்கிட்ட பேட்டரி ஆயுள் பத்தி பத்து நிமிஷம் லெக்சர் குடுத்தேன். யோசிச்சுப் பாருங்க, முழுங்கறது அஞ்சு செகண்ட் வேலை, அதை ஒளிக்கறதுக்கு நா செலவு பண்ண நேரத்தைக் கூட்டினா ஒரு டிகிரி முடிச்சிருக்கலாம். மறந்து போய் மாத்திரையை விட்டது எனக்குக் கம்மி, யாரோ பக்கத்துல இருந்தாங்கன்னு விட்டதுதான் ஜாஸ்தி. கூட இருக்கறவங்கள்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சா நல்லதுன்னு கவுன்சிலர் அம்மா எப்பவும் சொல்லுவாங்க, அவங்க சொன்னதுல நா கடைசியா கேட்டது இதுதான். விட்டா என்ன பண்றதுன்னா, டோலுடெகிராவிருக்கு ஞாபகம் வந்த உடனே சாப்பிடலாம், அடுத்த டோஸுக்கு நாலு மணி நேரம்தான் இருக்குன்னா விட்டுட்டு அடுத்ததை அதோட நேரத்துக்கு சாப்பிடணும், ரெண்டு சேத்துப் போடக்கூடாது.

அக்காகிட்ட சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு ப்ராக்டிஸ் எல்லாம் பண்ணிட்டுப் போனேன், யூ ஈக்வல்ஸ் யூ எல்லாம் சொல்லி, பையனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாம் சொல்லி. எல்லாத்தையும் கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் எங்க அந்த மாத்திரையைக் காட்டுன்னா. எடுத்து உள்ளங்கைல வெச்சேன். நீளமா பெருசாத்தான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இவ்ளோ பெருசாவா இருக்கும்? சின்ன வயசுல அரை மாத்திரைக்கு வீட்டைச் சுத்தி ஓடுவியேடா, இதை எப்படி முழுங்கற?" அப்புறம்தான் அழுதா. நா அழல, ஏன்னா அந்த கேள்விக்கு என்கிட்ட பதில் தயாரா இல்ல, வைரல் லோடுக்குத்தான் ப்ராக்டிஸ் பண்ணியிருந்தேன். இப்பவும் ஃபோன் பண்ணா மொத கேள்வி முழுங்கிட்டியாங்கறதுதான்.

மாத்திரை செய்யாத வேலையையும் சொல்லிடணும். ஒழுங்கா சீக்கிரம் ஆரம்பிச்சவங்க மத்தவங்க மாதிரியே கிட்டத்தட்ட முழு ஆயுசும் இருக்காங்க, அதுனால இப்ப எங்க டாக்டர் எச்ஐவி பத்தி ரெண்டு நிமிஷம்தான் பேசறாரு, மிச்ச நேரம் பூரா பிபி, கொழுப்பு, சிகரெட். வைரஸ் அடங்கியிருந்தாலும் நமக்கு மாரடைப்பு ஆபத்து மத்தவங்களை விட கொஞ்சம் ஜாஸ்தி. 2023ல ரிப்ரீவ்னு ஒரு ஆராய்ச்சி, எச்ஐவியோட நாப்பது வயசு தாண்டினவங்களுக்கு பிடாவஸ்டாடின்னு ஒரு கொழுப்பு மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, மாரடைப்பு பக்கவாதம் மாதிரி பெரிய விஷயங்கள் 35 பர்சென்ட் கொறைஞ்சுது. எனக்கு இன்னும் நாப்பது ஆகல, ஆனா சிகரெட்டை விட்டேன். டிபி வராம இருக்க தடுப்பு மருந்து உண்டு, கேட்டு வாங்குங்க. பொம்பளைங்க கர்ப்பப்பை வாய் டெஸ்ட்டை விடாதீங்க, நம்மாளுங்களுக்கு அதை 25 வயசுலேந்தே பண்ணச் சொல்லியிருக்காங்க.

மாத்திரையே வேணாம்னு நெனைக்கறவங்களுக்கு ஊசியும் வந்துடுச்சு, கபோடெகிராவிரும் ரில்பிவிரினும் சேந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போடறது. 2025ல உலக சுகாதார நிறுவனமும் அதை ஒரு மாற்று வழியா சேத்திருக்கு, வைரஸ் அடங்கினவங்க மாறிக்கலாம்னு, ஹெபடைடிஸ் பி இருந்தா ஆகாது. எனக்கு வரும்போது மாறுவேனான்னு தெரியல. சத்தம் போடாத, லேபிள் இல்லாத, பஞ்சு வேண்டாத மருந்துன்னா ஆசையாத்தான் இருக்கு. ஆனா காலைல பல்லு தேய்ச்சுட்டு ஒண்ணைப் போட்டு தண்ணி குடிக்கறது இப்ப ஒரு பழக்கமாயிடுச்சு, அது இல்லாம நாள் எப்படி ஆரம்பிக்கும்னு யோசனையா இருக்கு.

கடைசி அப்டேட். இப்பல்லாம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை போனா போதும், மூணு பாட்டில் சேத்துக் குடுத்துடறாங்க. போன தடவை வாங்கிட்டு வந்து, எப்பவும் போல வெந்நீர் வெச்சு லேபிளை ஊற வெக்கலாம்னு எடுத்தேன், கரண்ட் போச்சு, கெட்டில் ஓடல. அப்புறம் பண்ணிக்கலாம்னு லேபிளோட அப்படியே பிரஷ் பக்கத்துல வெச்சுட்டேன், மூணு நாளா மறந்தே போயிட்டேன். நாலாவது நாள் ரூம்மேட் பாத்ரூம்லேந்து தலையைத் தொடச்சுகிட்டே வந்தான். பாத்திருப்பான், படிச்சானா இல்லையான்னு அவன் மூஞ்சில ஒண்ணும் தெரியல. "டேய், உன் மாத்திரை டப்பா மூடி சரியா மூடாம இருந்துச்சு, ஈரம் எறங்கப்போவுது, மூடி வெச்சிருக்கேன் பாத்துக்கோ"ன்னுட்டு சட்டையை எடுத்து மாட்டிகிட்டு வேலைக்குக் கெளம்பிட்டான்.